கணினியை இரவல் தரும்போது: கோப்புகளைக் காக்கும் வழிகளுள் எது தகும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எதிர்வீட்டு மாணவி பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதற்காக என் மடிக்கணினியை ஒரு மாலைப்பொழுது இரவல் கேட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில், என் கண்ணெதிரிலேயே உட்கார்ந்துதான் வேலை செய்தாள். தன் பென் டிரைவிலிருந்த சான்றிதழ் நகலைத் தேடுவதற்காக ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தபோது, அதன் முதல் பக்கத்தில், அண்மையில் திறக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலில், என் அம்மாவின் பயாப்சி அறிக்கை அந்தப் பெயரோடேயே நின்றிருந்தது. அவள் எதையும் துருவவில்லை; கண்ணில் பட்டதைப் படித்தாள், அவ்வளவுதான். “பாட்டிக்கு என்ன ஆச்சு அக்கா?” என்று உண்மையான பதற்றத்தோடு கேட்டாள். அண்ணன் ஊரிலிருந்து வந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று நாங்கள் காத்திருந்த செய்தியை, அடுத்த நாற்காலியில் இருந்த அம்மா அந்தக் கேள்வியிலிருந்துதான் தெரிந்துகொண்டார்.

அந்தப் பெண் மீது ஒரு குற்றமும் இல்லை. கணினியைக் கொடுத்த நான்தான், கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய ஐந்து நிமிட வேலையைச் செய்யத் தவறினேன். அன்று முதல் இதற்கென இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக என் கணினியில் செய்துபார்த்து வந்திருக்கிறேன். ஒரே கணினியை வீடு முழுவதும் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால், அதாவது 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்த கணினியில் அப்பாவின் வங்கி ஆவணமும் அக்காவின் வேலை விண்ணப்பமும் சேர்ந்தே இருந்த வீடுகள் பல என்பதால், இந்த ஒப்பீடு மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். நான் பயன்படுத்துவது விண்டோஸ் என்பதால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். மற்ற இயங்குதளங்களை இறுதியில் சுருக்கமாகத் தொடுகிறேன்.

வழிகளை எடைபோடுவதற்கு முன், யாரிடமிருந்து காக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு மாணவியைப்போல, தேடாமலே கண்ணில் படுவதைக் காண்பவர் ஒருவகை. தனியாக விடப்பட்டால் படக் கோப்புறைகளைத் திறந்து பார்க்கும் ஆர்வம் கொண்ட உறவினரோ நண்பரோ இரண்டாம் வகை. கணினியைச் சில நாள் வெளியே எடுத்துச் செல்பவரும், அதைக் கழற்றிப் பார்க்கும் அளவுக்குத் தொழில் தெரிந்தவரும் மூன்றாம் வகை. நாம் இரவல் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் முதல் வகையினரே. ஆகவே, உடைக்க முடியாத பூட்டைத் தேடி அலைவதைவிட, தற்செயலாகக் கண்ணில் படும் பாதைகளை முதலில் அடைப்பதே பயன் தரும்.

பலரும் முதலில் கையாளும் வழி, கோப்புறையின் பண்புகளில் ‘மறைக்கப்பட்டது’ என்ற பெட்டியில் குறியிடுவது. இதை நான் ஒரு காப்பாகவே கருதவில்லை. எக்ஸ்ப்ளோரரின் காட்சிப் பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இன்னொருவர் ஒருமுறை இயக்கினால், மறைத்தவை எல்லாம் சற்றே மங்கிய உருவத்தில் வரிசையாக வந்து நிற்கும். மறைத்திருக்கிறோம் என்பதே அவற்றின்மேல் கவனத்தை ஈர்த்துவிடும். அதைவிட ஏமாற்றம் தருவது, பல ஆண்டுகளாகக் கைமாறி வரும் ‘கோப்புறைப் பூட்டு’ பேட்ச் கோப்பு. நோட்பேடில் சில வரிகளை ஒட்டிச் சேமித்து இயக்கினால், அது கடவுச்சொல் கேட்கும், கோப்புறை மறைந்துபோகும். உண்மையில் அது செய்வது, கோப்புறைக்குக் கண்ட்ரோல் பேனலைப்போலத் தோன்றும் பெயரைச் சூட்டி, மறைவுக் குறியை இடுவது மட்டுமே. கடவுச்சொல்லோ அந்தக் கோப்பின் உள்ளேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. வலது சொடுக்கில் ‘எடிட்’ என்று கொடுத்தால் யாரும் படிக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புறைப் பூட்டு மென்பொருள்கள் சிலவும் இதே வேலையைத்தான் அழகான சாளரத்தோடு செய்கின்றன. உள்ளடக்கத்தை உண்மையில் மறையாக்கம் செய்கிறதா (அதாவது, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றுகிறதா), இல்லை மறைத்து மட்டும் வைக்கிறதா என்பதை வெளிப்படையாகச் சொல்லாத எந்த மென்பொருளிடமும் என் கோப்புகளை ஒப்படைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, இரவல் கேட்பவருக்கென விண்டோஸில் தனியாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து வைப்பது. என் தீர்ப்பில் இதுவே முதன்மையானது. மற்ற வழிகளெல்லாம் இதன்மேல் கூடுதலாகச் சேர்ப்பவையே. முன்பு விண்டோஸிலேயே ‘கெஸ்ட்’ என்ற விருந்தினர் கணக்கு இருந்தது. விண்டோஸ் 10 முதல் அந்த வசதி பயன்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குச் சென்று, பிற பயனரைச் சேர்க்கும் தெரிவில், அவருடைய உள்நுழைவு விவரம் தம்மிடம் இல்லை என்றும், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே சேர்ப்பதாகவும் கொடுத்தால், அந்தக் கணினியில் மட்டும் இயங்கும் சாதாரண உள்ளகக் கணக்கு ஒன்று உருவாகிவிடும். ‘கெஸ்ட்’ என்ற பெயரை மட்டும் விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்திருப்பதால் அதை ஏற்காது. என் கணினியில் ‘விருந்தினர்’ என்று தமிழிலேயே பெயரிட்டிருக்கிறேன்.

இதன் சிறப்பு என்னவென்றால், கோப்புகளை மட்டுமல்லாமல், கோப்புகள் விட்டுச்செல்லும் தடயங்களையும் இது பிரித்து வைக்கிறது. அண்மைக் கோப்புகளின் பட்டியல், வேர்டிலும் வீடியோ இயக்கியிலும் தங்கும் முந்தைய பெயர்கள், படங்களின் சிற்றுருவங்கள், உலாவியின் வரலாறு, அதில் சேமித்த கடவுச்சொற்கள், திறந்தபடியே இருக்கும் மின்னஞ்சல், கணினியில் இணைத்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் ஆகிய அனைத்தும் நம் கணக்கோடு சேர்ந்தவை. விருந்தினர் கணக்கில் அவற்றுள் ஒன்றும் தென்படாது. எனக்கு நேர்ந்ததை இது ஒன்றே முழுமையாகத் தடுத்திருக்கும். அறிக்கையைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி வைத்திருந்தாலும், அதன் பெயர் அண்மைப் பட்டியலில் நின்றே இருக்கும் அல்லவா? நம்மில் பலர் கோப்பின் உள்ளே இருப்பதைக் காப்பதைப் பற்றியே யோசிக்கிறோம். பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

வாங்குபவரின் மனத்துக்கும் இது இதமானது. “உனக்கென்று ஒரு கணக்குத் திறந்திருக்கிறேன், அதில் நுழைந்துகொள்” என்று சொல்லும்போது சந்தேகத்தின் வாடை வருவதில்லை. அவருடைய கோப்புகளும் அவர் பார்த்த தளங்களும் நம் கண்ணில் படாமல் இருப்பதால், மறைவு இருவருக்கும் கிடைக்கிறது. வேலை தேடும் தங்கையோ, மருத்துவரிடம் கேட்கவேண்டியதை இணையத்தில் தேடும் உறவினரோ, தம் தேடல் நம் உலாவியில் தங்கிவிடுமோ என்ற கூச்சமின்றி வேலை செய்யலாம்.

ஆனால் இந்த வழிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் காப்புக் குலைந்துவிடும். முதலாவது, நம் சொந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லோ ‘பின்’ (PIN) எண்ணோ இருக்கவேண்டும். அது இல்லையென்றால், உள்நுழைவுத் திரையில் நம் பெயரைச் சொடுக்கியவுடன் எல்லாம் திறந்துவிடும். இரண்டாவது, விருந்தினர் கணக்கு, கணினியின் எல்லா அமைப்புகளையும் மாற்றும் உரிமையுள்ள நிர்வாகி வகையாக இருக்கக்கூடாது. சாதாரணப் பயனர் நம் கோப்புறையைத் திறக்க முயன்றால், அனுமதி இல்லை என்று கூறி நிர்வாகியின் கடவுச்சொல்லை விண்டோஸ் கேட்கும். நிர்வாகி உரிமை உள்ளவருக்கோ ‘தொடர்க’ என்ற ஒரே பொத்தானில் அந்தக் கோப்புறை நிரந்தரமாகத் திறந்துவிடும்.

மூன்றாவது நிபந்தனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், நம் ஊர்க் கணினிகளில் பெரும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது, இதை எடுத்துச் சொல்பவர்களும் குறைவு. கணினி வாங்கும்போது, அல்லது விண்டோஸை மறுபடி நிறுவும்போது, வட்டை சி, டி, ஈ என்று பிரித்துத் தருவது நம்மிடையே வழக்கம். “முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் போட்டு வையுங்கள், சி டிரைவ் போனாலும் அது தங்கும்” என்ற அறிவுரையைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். கல்யாணப் படங்களும், பத்திர நகல்களும், வருமான வரிக் கணக்குகளும் டி டிரைவில் குவிந்திருப்பது அதனால்தான். ஆனால் விண்டோஸ் காக்கும் தனியிடம் என்பது, சி டிரைவில் ஒவ்வொரு பயனருக்கும் இருக்கும் சொந்தக் கோப்புறை மட்டுமே. அதாவது அவரவர் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை. மற்றப் பிரிவுகளில், இயல்புநிலை அனுமதிப்படி, அந்தக் கணினியில் நுழைந்த எந்தப் பயனரும் கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். விருந்தினர் கணக்கைத் திறந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் ஒருவருடைய டி டிரைவ் முழுவதும், அந்த விருந்தினருக்குத் திறந்தபடியே இருக்கும்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. எளியது, காக்கவேண்டிய கோப்புறைகளை டி டிரைவிலிருந்து நம் டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் மாற்றிவிடுவது. இடம் போதாதவர்கள், டி டிரைவில் ஒரு கோப்புறையை எடுத்து, அதன் பண்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, மேலிருந்து வரும் அனுமதியைத் துண்டித்து, எல்லாப் பயனருக்கும் உரிய பதிவுகளை நீக்கி, தம் பெயரையும், ‘சிஸ்டம்’ என்ற விண்டோஸின் உள்கணக்கையும், நிர்வாகிகளையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதை ஒரு வெற்றுக் கோப்புறையில் செய்து, விருந்தினர் கணக்கிலிருந்து சோதித்துப் பார்த்த பிறகே உண்மைக் கோப்புகளை அதற்குள் நகர்த்தவேண்டும். முழு டிரைவின் அனுமதிகளையும் அவசரத்தில் மாற்றிவிட்டுத் தம் கோப்புகளையே திறக்க முடியாமல் தவிப்பது எளிதில் நேரக்கூடியது. எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 வடிவில் இருக்கும் வெளி வட்டுகளில் இத்தகைய அனுமதி ஏற்பாடே கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, குறிப்பிட்ட சில கோப்புகளை மட்டும் பூட்டும் வழிகள். வேர்ட், எக்ஸெல் ஆவணங்களைத் திறப்பதற்கே கடவுச்சொல் கேட்குமாறு சேமிக்கலாம். இன்றைய பதிப்புகளில் இது உண்மையான மறையாக்கமே. திருத்துவதற்கு மட்டும் கடவுச்சொல் கேட்கும் தெரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது, அது படிப்பதைத் தடுக்காது. பத்துப் பன்னிரண்டு கோப்புகளை ஒரே பொட்டலமாகச் சேர்த்துப் பூட்டுவதற்கு 7-ஜிப் வசதியானது. இந்த இலவச மென்பொருளின் 7இசட் வடிவத்தில் ஏஇஎஸ்-256 என்ற வலுவான மறையாக்கம் உண்டு. கோப்புப் பெயர்களையும் மறையாக்கம் செய்யும் தெரிவு தனியாக இருக்கிறது, அதைக் குறியிட மறந்தால் உள்ளே இருப்பவற்றின் பெயர்ப் பட்டியலைக் கடவுச்சொல் இல்லாமலே யாரும் பார்க்கலாம். பொட்டலத்தை உருவாக்கிய பிறகும் மூலக் கோப்புகள் பழைய இடத்திலேயே இருக்கும்; அவற்றை நீக்கி, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்தால்தான் வேலை முடியும். மேலும், பொட்டலத்துக்குள்ளிருந்து ஒரு கோப்பைச் சொடுக்கிப் படிக்கும்போது, அதன் நகல் தற்காலிகக் கோப்புறைக்குச் செல்கிறது. மூடியபின் அது நீக்கப்படவேண்டும், ஆனால் கணினி இடையில் நின்றுபோனால் அங்கேயே தங்கிவிடலாம். எனவே ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழைய ஆவணங்களுக்கு 7-ஜிப் நல்ல வழி. தினமும் திறந்து எழுதும் கோப்புகளுக்குப் பொருந்தாது.

தினமும் கையாளும் கோப்புகளுக்கு வெராகிரிப்ட் பொருத்தமானது. 2014 மே மாதத்தில் ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளை அதை உருவாக்கியவர்கள் கைவிட்டார்கள். அதன் அடித்தளத்திலிருந்து அதற்கு முன்பே கிளைத்து, 2013 முதல் வளர்ந்து வந்ததே வெராகிரிப்ட் என்ற இந்தத் திறமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள். இதில் நாம் ஒரு பெட்டகக் கோப்பை உருவாக்குகிறோம். இரண்டு ஜிபியோ இருபது ஜிபியோ, அளவைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்கவேண்டும். கடவுச்சொல் கொடுத்துத் திறந்தால், அது இன்னொரு டிரைவைப்போல எக்ஸ்ப்ளோரரில் தோன்றும்; வழக்கம்போல அதில் எழுதலாம், படிக்கலாம். மூடிவிட்டால், பொருளற்ற எண்களின் குவியலாக ஒரே ஒரு கோப்பு மட்டும் மிஞ்சும். இடைநகல் எடுத்து வைத்து, பின் அழிக்கவேண்டிய தொல்லை இல்லை.

இதன் குறை மென்பொருளில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. பெட்டகம் திறந்திருக்கும்வரை அது எல்லோருக்கும் திறந்ததே. நம் கணக்கிலிருந்து வெளியேறாமல் பயனரை மட்டும் மாற்றிக் கணினியைக் கொடுத்தால், திறந்த பெட்டகம் விருந்தினர் கணக்கிலும் ஒரு டிரைவாகத் தென்படும். ஆகவே, கொடுக்கும் முன் முழுமையாக வெளியேறிவிடவேண்டும். திரை பூட்டப்படும்போதே பெட்டகமும் மூடிக்கொள்ளும் தெரிவை வெராகிரிப்ட் அமைப்பில் இயக்கி வைப்பது நல்லது. கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை என்பதையும், மறையாக்கம் படிப்பதைத்தான் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது என்பதையும் மனத்தில் வைக்கவேண்டும். இடம் போதவில்லை என்று விருந்தினர் ஒருவர் டி டிரைவில் இருக்கும் பெரிய கோப்பு ஒன்றை நீக்கினால், பெட்டகம் உள்ளடக்கத்தோடு போய்விடும். அதன் நகல் ஒன்று வேறு வட்டில் இருக்கவேண்டும்.

விண்டோஸோடு வரும் பிட்லாக்கரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. “என் கணினியில் பிட்லாக்கர் இருக்கிறது, யாரும் ஒன்றும் பார்க்க முடியாது” என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். பிட்லாக்கர் அணைந்திருக்கும் கணினியைக் காக்கிறது. திருட்டுப்போன மடிக்கணினியின் வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தியோ, லினக்ஸ் பென் டிரைவிலிருந்து இயக்கியோ படிப்பதைத் தடுக்கிறது. நாமே உள்நுழைந்து, நம் கணக்கிலேயே ஒருவரை உட்கார வைக்கும்போது, வட்டு ஏற்கனவே திறந்துவிட்டது. அங்கே அதற்கு வேலை இல்லை. அதே சமயம், பயனர் கணக்குகளின் அனுமதிச் சுவர் விண்டோஸ் இயங்கும்போது மட்டுமே நிற்கும் என்பதால், கணினியை வெளியே எடுத்துச் செல்பவர்முன் அந்தச் சுவருக்குத் துணையாக நிற்பது பிட்லாக்கர்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. முழு பிட்லாக்கர் விண்டோஸ் ப்ரோ பதிப்பில் கிடைக்கிறது. ஹோம் பதிப்பில், வன்பொருள் இடம் தந்தால், சாதன மறையாக்கம் என்ற பெயரில் அதன் எளிய வடிவம் உண்டு. எதுவாயினும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினிக்கு வெளியே எழுதி வைக்காமல் இயக்கக்கூடாது. ப்ரோ பதிப்பில் தனிக் கோப்புகளை மறையாக்கம் செய்யும் ஈஎஃப்எஸ் என்ற பழைய வசதியும் இருக்கிறது. கோப்புப் பெயர்களை அது மறைப்பதில்லை, நிர்வாகி ஒருவர் நம் கடவுச்சொல்லை மாற்றியமைத்தால் நம் கோப்புகள் நமக்கே திறக்காமல் போகும் அபாயமும் உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோப்புகளைக் கணினியில் வைக்காமலே இருப்பதும் ஒரு வழி. பென் டிரைவில் வைத்து அலமாரியில் பூட்டலாம். ஆனால் பென் டிரைவ் தொலைவது கணினி இரவல் போவதைவிட எளிதாக நேர்கிறது, ஆகவே அதற்குள்ளும் ஒரு வெராகிரிப்ட் பெட்டகம் இருப்பதே முறை. ஒன்டிரைவில் இருக்கும் தனிப் பெட்டகம் இரண்டாம் முறை அடையாளம் கேட்டபிறகே திறக்கிறது; சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் தானே பூட்டிக்கொள்கிறது. இலவசக் கணக்கில் மூன்று கோப்புகளுக்கு மேல் அதில் வைக்க இயலாது என்பதால், ஆதார், கடவுச்சீட்டு நகல்களோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. கூகுள் டிரைவில் வைத்துவிட்டு, உலாவியில் கணக்கைத் திறந்தபடியே கணினியைக் கொடுப்பது, கோப்பை டெஸ்க்டாப்பில் வைப்பதற்கு ஒப்பானது.

கணக்கைத் திறந்து வைக்க நேரமில்லாமல், யாரோ வாசலில் நின்றுகொண்டு “ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன்” என்று கேட்கும் தருணமும் உண்டு. அப்போது குரோமில் விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுக்கலாம். நம் வரலாறும் சேமித்த கடவுச்சொற்களும் அதில் வராது, மூடியவுடன் அவருடைய தடயமும் போய்விடும். எக்ஸ்ப்ளோரரை அது காக்காது என்பதால், அதன் அமைப்பில் அண்மைக் கோப்புகளைக் காட்டும் குறியை நிரந்தரமாக நீக்கிவிடுவது நல்லது. இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

மேக் பயன்படுத்துபவர்களுக்கு விருந்தினர் பயனர் வசதி இன்றும் இயங்குதளத்திலேயே இருக்கிறது. வெளியேறியதும் அந்தப் பயனரின் கோப்புகள் அழிந்துவிடும். அதோடு, டிஸ்க் யுடிலிட்டியில் மறையாக்கம் செய்த வட்டுப் படிமத்தை (ஒரு டிரைவைப்போலத் திறக்கும் கோப்பை) உருவாக்கினால் வெராகிரிப்ட்டின் வேலையை அது செய்துவிடும். உபுண்டுவில் 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் இல்லக் கோப்புறை மற்றவர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் உருவான கணக்குகளில், பிற பயனர்கள் உள்ளே பார்க்கும்படி திறந்திருந்தது என்பதால், பழைய நிறுவலை மேம்படுத்திப் பயன்படுத்துவோர் தம் கோப்புறையின் அனுமதியை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் அவ்வப்போது பிள்ளைகளும் அண்டைவீட்டாரும் கேட்டு வாங்கும் கணினி என்றால், கடவுச்சொல் இல்லாத சாதாரண விருந்தினர் கணக்கும், டி டிரைவிலிருந்து அகற்றப்பட்ட சொந்தக் கோப்புறைகளும் போதும். அதற்குமேல் எதுவும் தேவை என்று நான் நினைக்கவில்லை. பிறருடைய கணக்குகளை எழுதித் தரும் தணிக்கையாளர், வழக்குரைஞர், ஆற்றுப்படுத்துநர் போன்றோரின் நிலை வேறு. அவர்களிடம் இருப்பது அவர்களுடைய இரகசியம் மட்டும் அல்ல. ஆகவே விருந்தினர் கணக்கோடு, பணிக்கோப்புகளுக்கு வெராகிரிப்ட் பெட்டகமும், முழு வட்டுக்குச் சாதன மறையாக்கமும் சேர்ந்தே இருக்கவேண்டும். நம் கணினியில் நிர்வாகி உரிமையுள்ள மற்றொருவர் இருந்தாலோ, நம்மைக் கண்காணிக்க விரும்பும் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ நேர்ந்தாலோ, இந்த வழிகள் எவையும் அந்தக் கணினியில் முழுக் காப்பைத் தரமாட்டா. நாம் தட்டும் கடவுச்சொல்லையே பதிவு செய்யும் மென்பொருளை அவரால் நிறுவ முடியும். அந்த நிலையில் கோப்புகள் அந்தக் கணினியில் இல்லாமல் இருப்பதே சரி.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் இதே கணக்குப்போடுதல் தேவை. திரையோ விசைப்பலகையோ மாற்றுவதற்கு நம் கடவுச்சொல் வேண்டியதில்லை. இயக்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் விருந்தினர் கணக்கைக் காட்டலாம். சென்ற மாதம் என் கணினியின் விசைப்பலகையை மாற்றியபோது அப்படித்தான் செய்தேன். அம்மாவின் கோப்புகள் இப்போது நான்கு ஜிபி பெட்டகம் ஒன்றில் இருக்கின்றன. பெட்டகக் கோப்புக்கு வெறும் ‘அம்மா’ என்று பெயர். அதன் கடவுச்சொல் எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். அம்மா கேட்டுக்கொண்டபடி, அவருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.